ரூட் இல்லாத 38 சர்வர்கள்

2019-ல் புது வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம் எனக்கு ஒரு யூசர் கணக்கு வந்தது. 38 லினக்ஸ் சர்வர்கள், எல்லாவற்றிலும் ஒரே பெயர், தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்ளே போக ஒரு எஸ்எஸ்எச் சாவி. எங்கள் செயலியை இந்த 38-லும் நிறுவுவது, பதிப்பு மாற்றுவது, நின்றுபோனால் எழுப்புவது எல்லாம் என் பொறுப்பு. முதல் சர்வரில் நுழைந்ததும் பழக்கதோஷத்தில் சூடோ அடித்தேன். ரூட்டாக, அதாவது சர்வரில் எதையும் மாற்றக்கூடிய தலைமை யூசராக, ஒரு கட்டளையை ஓட்டும் வழி அது. சூடோயர்ஸ் கோப்பில் (அந்த உரிமை யாருக்கு என்ற பட்டியல்) உங்கள் பெயர் இல்லை, இந்தச் சம்பவம் மேலிடத்துக்குத் தெரிவிக்கப்படும் என்று வந்தது. அந்த வாசகத்தைப் பல வருடமாகப் பார்த்திருக்கிறேன், யாருக்கும் எதுவும் போனதாக நினைவில்லை. இந்த முறை போயிருக்கிறது. அரை மணி நேரத்தில் சர்வர்களைப் பராமரிக்கும் இன்ஃப்ரா அணியின் மூத்த அட்மின் போன் செய்தார்.

"ரூட் வேணுமா? எதுக்கு எதுக்குன்னு ஒவ்வொண்ணா எழுதி அனுப்புங்க. பார்த்துட்டுச் சொல்றேன்."

"மேடம், டிப்ளாய்மென்ட்டுக்குத்தான். எல்லாம் ஆட்டோமேட் பண்ணப் போறோம்."

"சரி. ஆட்டோமேட் பண்ணப் போறது என்னென்னன்னு எழுதுங்க. ஒரு வரிக்கு ஒரு வேலை."

எனக்குக் கோபம்தான் வந்தது. சர்வரை ஓட வைக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டு அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பது என்ன நியாயம் என்று அன்று மாலை பக்கத்து இருக்கை நண்பரிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்று எனக்கு உள்ளுக்குள் தெரியும். அதற்குக் காரணம் முந்தைய வேலையில் நடந்த ஒரு இரவு.

அது சிறிய நிறுவனம். நிரல் எழுதிய நாங்கள் நான்கு பேரும்தான் சர்வர்களையும் பார்த்துக்கொண்டோம். நால்வர் கையிலும் ரூட் இருந்தது. அங்கே ஆன்சிபிள் என்ற கருவிக்காக நான் எழுதிய ஒரு ப்ளேபுக்கில் (சர்வர்களில் அது செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்), செயலியின் ஃபோல்டரை அதற்குள் இருப்பவற்றோடு சேர்த்துச் செயலியின் யூசர் பெயருக்கு உரிமை மாற்றும் வரி ஒன்று இருந்தது. ஃபோல்டர் எங்கே என்பது ஒரு மாறியில். மாறிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு. புதிதாகச் சேர்த்த 11 சர்வர்களுக்கு அந்த மாறியைக் காலியாக விட்டிருந்தேன். மாறியே இல்லை என்றால் ஆன்சிபிள் பிழை சொல்லி நின்றிருக்கும். மாறி இருந்தது, மதிப்புதான் இல்லை. காலியும் சாய்கோடும் சேர்ந்தால் வெறும் சாய்கோடு. லினக்ஸில் வெறும் சாய்கோடு என்பது மொத்த சர்வரின் அடி.

ரூட்டாக ஓடியதால் அந்தக் கட்டளையைத் தடுக்க யாரும் இல்லை. 11 சர்வர்களிலும் எல்லாக் கோப்புகளும் செயலியின் பெயருக்கு மாறின. சூடோ நிரல் ரூட்டுக்குச் சொந்தமாக இல்லாவிட்டால் அது வேலை செய்ய மறுத்துவிடும், மறுத்தது. ஒருவருடைய சாவிக்கோப்பு அவருக்கோ ரூட்டுக்கோ சொந்தமாக இல்லாவிட்டால் எஸ்எஸ்எச் அந்தச் சாவியை நம்பாது. எங்கள் நால்வரையும் உள்ளே விடவில்லை. முன்பே எடுத்து வைத்த நகலான ஸ்னாப்ஷாட்டிலிருந்து ஒவ்வொன்றாக மீட்டெடுத்து முடித்தபோது விடிந்துவிட்டது. ஒரு நாள் தரவு போனது. அந்த வேலைக்கு ரூட் தேவையே இல்லை என்பதுதான் பின்னால் என்னை அதிகம் உறுத்தியது. செயலியின் யூசராகவே உள்ளே போய்க் கோப்புகளை எழுதியிருந்தால், அவை பிறக்கும்போதே சரியான பெயரில் பிறந்திருக்கும். உரிமை மாற்றும் வரிக்கே வேலை இல்லை.

அதனால் மேடம் கேட்ட பட்டியலை எழுத உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன், நான்கு நாள் ஆனது. எந்த வேலைக்கு ரூட் வேண்டும் என்று எனக்கே தெரியவில்லை. என் ப்ளேபுக்குகள் எல்லாவற்றிலும் மேலேயே 'ரூட்டாக மாறு' என்ற வரி இருக்கும். கீழே உள்ள நூறு வேலைகளும் அந்தக் குடையின் கீழ் நடந்துவிடும். எது ரூட் இல்லாமல் முடியாது, எது சும்மா ரூட்டாக நடந்துகொண்டிருக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் அவசியம் வந்ததே இல்லை. கடைசியில் அந்த வரியை நீக்கிவிட்டு, ஒரு சோதனை சர்வரில் ப்ளேபுக்கை ஓட்டி, சிவப்பாக விழுந்த ஒவ்வொன்றையும் குறித்தேன். ஒன்றைச் சரிசெய்தால் அடுத்தது விழும். அப்படிச் சேர்ந்தது 14 வரி.

ஆன்சிபிள் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 2012-ல் மைக்கேல் டிஹான் தொடங்கியது, 2015-ல் ரெட் ஹாட் வாங்கியது. பப்பெட், செஃப் போன்ற கருவிகளுக்குப் பொதுவாக ஒவ்வொரு சர்வரிலும் ஒரு ஏஜென்ட் நிரல் வேண்டும். அந்த ஏஜென்ட் பெரும்பாலும் ரூட்டாகவே ஓடும். ஆன்சிபிளுக்கு ஏஜென்ட் கிடையாது. நாம் போகிற மாதிரியே எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போகும், ஒரு சிறிய பைத்தான் நிரலைத் தற்காலிக ஃபோல்டரில் வைக்கும், ஓட்டும், விடையை வாங்கிக்கொண்டு நிரலை அழித்துவிட்டு வெளியே வரும். ஒரு சாதாரண யூசர் கையால் என்ன செய்ய முடியுமோ அதை 38 இடத்தில் ஒரே நேரத்தில் செய்யும். அதற்கு மேல் அதிகாரம் கேட்பது நாம்தான், கருவி அல்ல.

பட்டியலில் முதல் வரி போர்ட், அதாவது ஒரு நிரல் நெட்வொர்க்கில் கேட்கும் எண்ணிட்ட வாசல். 443-ல் செயலி கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். 1024-க்குக் கீழே உள்ள போர்ட்டைத் திறக்க ரூட் வேண்டும் என்பது பிஎஸ்டி யூனிக்ஸ் காலத்து ஏற்பாடு. பலர் பகிர்ந்துகொள்ளும் பெரிய இயந்திரத்தில், கீழ் எண் போர்ட்டிலிருந்து பேசுவது அந்த இயந்திரத்தின் நிர்வாகி நிறுவிய நிரல்தான் என்று எதிர்முனை நம்பிக்கொள்ளலாம் என்ற எண்ணம். இன்று அந்த நம்பிக்கைக்குப் பெரிய பொருள் இல்லை, ஆனால் விதி இருக்கிறது. நிரல் கோப்பின் மீது 'இதற்குக் கீழ் போர்ட் உரிமை உண்டு' என்று அட்மின் குறித்துக் கொடுக்க வழி இருக்கிறது. ஆனால் அந்தக் குறிப்பு அந்தக் கோப்போடு ஒட்டியது. புதிய பதிப்பு வந்து கோப்பை மாற்றினால் குறிப்பும் போய்விடும்; ஒவ்வொரு பதிப்புக்கும் திரும்ப அவரிடம் போய் நிற்க வேண்டும். எங்கள் சர்வர்களுக்கு முன்னால், வரும் கோரிக்கைகளைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் இருந்தது. அது 443-ல் கேட்கட்டும், நாங்கள் 8443-ல் கேட்கிறோம் என்று முடித்தோம். ஒரு வரி போச்சு.

அடுத்த ஐந்து வரிகள் பேக்கேஜ் நிறுவுவது. இதில் ஒரு சபலம் உண்டு. ஜாவாவோ பைத்தான் நூலகங்களோ எதுவானாலும் வீட்டு ஃபோல்டரிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். எங்கள் செயலிக்கு மட்டும் வேண்டிய பைத்தான் நூலகங்களை அப்படித்தான் வெர்ச்சுவல் என்விரான்மென்ட் என்ற தனி ஃபோல்டரில் வைத்தோம். ஆனால் எல்லாவற்றையும் அப்படி வைப்பது தவறு என்றே நினைக்கிறேன். நாம் இறக்கி வைத்த பொருளுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்தால், சர்வரின் வழக்கமான அப்டேட் அதைத் தொடாது. அட்மின் தன் கடமையை ஒழுங்காகச் செய்துகொண்டிருப்பார், நம் ஃபோல்டரில் பழைய ஓட்டை அப்படியே இருக்கும். அதனால் ஜாவா உட்பட மூன்று பேக்கேஜ்களை, சர்வர்களை உருவாக்கப் பயன்படும் அவருடைய அடிப்படை இமேஜில் சேர்க்கச் சொன்னேன். அவர் மகிழ்ச்சியாகவே சேர்த்தார். ஒருமுறை செய்கிற வேலை. எனக்கு நிரந்தர அதிகாரம் வேண்டாம்.

லாக் என்ற நிகழ்வுப் பதிவைப் படிப்பதற்குச் சரியான குரூப்பில் பெயர் சேர்த்தால் போதும். லாக் சுழற்சியையும் நம் அமைப்புக் கோப்பைக் கொடுத்து குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் நம் க்ரானிலேயே ஓட்டலாம். இவற்றில் மூன்று வரி போனது.

வெப் சர்வர் நிரலான என்ஜின்எக்ஸ் பற்றிய வரியில்தான் நான் புதிதாக ஒன்று கற்றேன். சர்வரில் ரூட்டாகத் தொடங்கும் என்ஜின்எக்ஸ் ஒன்று ஏற்கெனவே இருந்தது. அதன் அமைப்புக் கோப்புகளில் ஒன்றை மட்டும் எங்கள் ஃபோல்டரில் வைக்க அனுமதியுங்கள், ரீலோட் செய்யும் உரிமை மட்டும் கொடுங்கள், அது போதும் என்று எழுதினேன். மிக அடக்கமான கோரிக்கை என்றுதான் நினைத்தேன். மேடம் திருப்பி ஒரு கேள்வி கேட்டார்: "அந்த கான்ஃபிக்ல எரர் லாக் எங்க எழுதணும்னு யார் முடிவு பண்றது?" நாங்கள்தான். "அந்த லாக்கைத் திறக்கிறது யாரு?" ரூட்டாக ஓடும் என்ஜின்எக்ஸ். அப்படியானால் சர்வரில் எந்தக் கோப்பை வேண்டுமானாலும் லாக் என்று பெயர் சொல்லி ரூட் கையால் எழுத வைக்கலாம். நான் அப்படிச் செய்ய மாட்டேன், சரி. என் சாவி திருடு போனால் திருடியவர் செய்வார். ரூட்டாக ஓடும் ஒரு நிரலின் அமைப்புக் கோப்பில் எழுத முடிந்தவர் பாதி ரூட். இதை அதற்கு முன் யாரும் எனக்கு இவ்வளவு எளிதாகச் சொன்னதில்லை. எங்கள் யூசராகவே ஓடும் தனி என்ஜின்எக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டோம்.

இதே கதைதான், செயலிகளைக் கன்டெய்னர் என்ற தனித்தனி அடைப்புகளில் ஓட்டும் டாக்கருக்கும். டாக்கர் குரூப்பில் சேர்த்துவிடுங்கள், ரூட் வேண்டாம் என்று பல அணிகள் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த குரூப்பில் இருப்பவர் சர்வரின் அடி ஃபோல்டரையே ஒரு கன்டெய்னருக்குள் மாட்டி, உள்ளே ரூட்டாக உட்கார்ந்து எதையும் மாற்றலாம். பெயர்தான் வேறு. கன்டெய்னர் வேண்டுமென்றால் ரூட் இல்லாமல் ஓடும் பாட்மேன் இருக்கிறது. அதில் கன்டெய்னருக்குள் ரூட்டாகத் தெரிபவர் வெளியே நம் சாதாரண யூசர்தான். அதற்கு அட்மின் செய்ய வேண்டியது, நம் பெயருக்குத் துணை யூசர் எண்களின் ஒரு வரிசையை ஒதுக்கித் தருவது. வழக்கமாக 65,536 எண்கள்.

சேவையாக ஓட வைப்பதில்தான் நாங்கள் உண்மையாகவே அடி வாங்கினோம்.

சர்வர் எழும்போது செயலியும் தானாக எழ வேண்டும், விழுந்தால் தானாக எழ வேண்டும். வழக்கமாக அதற்கு, சேவைகளைத் தொடங்கி நிறுத்தும் சிஸ்டம்டியின் சேவைக் கோப்பை ரூட்டுக்குச் சொந்தமான ஃபோல்டரில் வைப்போம். ஆனால் சிஸ்டம்டிக்கு இன்னொரு முகம் உண்டு. ஒவ்வொரு யூசருக்கும் தனித்தனியாக ஒரு சிஸ்டம்டி ஓடும். நம் வீட்டு ஃபோல்டரில் சேவைக் கோப்பை வைத்தால், நமக்கான சிஸ்டம்டி அதைப் பார்த்துக்கொள்ளும். தொடங்க, நிறுத்த, மறுதொடக்கம் செய்ய யாரையும் கேட்க வேண்டாம். ஆன்சிபிளிலும் சேவையின் எல்லையை 'யூசர்' என்று ஒரு சொல் மாற்றினால் போதும். சோதித்தோம், அருமையாக ஓடியது. பகலெல்லாம் விதவிதமாகக் கொன்று பார்த்தோம், ஒவ்வொரு முறையும் எழுந்தது. ஆறு சர்வர்களில் உண்மையான பயன்பாட்டுக்கு விட்டோம்.

இரவு எட்டரைக்கு ஆறில் ஒன்று நின்றது. ஒன்பதுக்குள் இன்னும் மூன்று. லாக்கில் பிழை எதுவும் இல்லை. யாரோ முறையாக நிறுத்தச் சொன்னது போல அமைதியாக நின்றிருந்தது. பதறி உள்ளே போய்ப் பார்த்தால் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளியே வந்தால் சற்று நேரத்தில் நிற்கிறது. இரண்டு முறை இப்படி ஆன பிறகுதான் உறைத்தது. யூசருக்கான சிஸ்டம்டி அந்த யூசர் லாகின் செய்யும்போது பிறக்கிறது, கடைசி செஷன் முடியும்போது தன் சேவைகளையும் நிறுத்திவிட்டுப் போய்விடுகிறது. பகலில் எங்களில் யாராவது ஒருவர் டெர்மினலைத் திறந்து வைத்திருந்ததால் அது உயிரோடு இருந்தது. எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பியதும் செயலியும் கிளம்பிவிட்டது.

இதற்கு 'லிங்கர்' என்று ஒரு அமைப்பு. யூசர் உள்ளே இல்லாவிட்டாலும் அவருடைய சிஸ்டம்டியை விட்டு வை, சர்வர் எழும்போதே எழுப்பு என்று சொல்வது. லிங்கருக்கான ஃபோல்டரில் நம் பெயரில் ஒரு காலிக் கோப்பு இருக்கும், அவ்வளவுதான். மேடம் இரவு ஒன்பதே காலுக்கு 38 சர்வர்களிலும் போட்டுக் கொடுத்தார். அடுத்த நாளே எங்கள் ப்ளேபுக்கின் தொடக்கத்தில் ஒரு சோதனை சேர்த்தேன்: அந்தக் கோப்பு இருக்கிறதா என்று பார், இல்லை என்றால் எதையும் தொடாமல் நில். ரூட் இருந்தால் 'இல்லை என்றால் போடு' என்று எழுதியிருப்பேன். இல்லாததால் 'இல்லை என்றால் சொல்' என்று எழுத வேண்டியிருந்தது. இந்த வேறுபாடு பின்னால் எங்கள் ப்ளேபுக்குகள் முழுவதிலும் பரவியது. பாதி வரிகள் செய்பவை, பாதி வரிகள் பார்த்துச் சொல்பவை.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல். வேறொரு யூசராக உள்ளே போய் அங்கிருந்து செயலியின் யூசராக மாறினால், நமக்கான சிஸ்டம்டியோடு பேச முடியவில்லை, பஸ்ஸோடு (நிரல்கள் ஒன்றோடொன்று பேசும் தடம்) இணைய முடியவில்லை என்று வரும். அந்த வழியில் மாறும்போது செஷனுக்குரிய சூழல் மாறிகள் அமைவதில்லை. நேராகச் செயலியின் யூசருக்கே எஸ்எஸ்எச் செய்தால் எல்லாம் சரியாகிவிடும். இணையத்தில் இதற்கு ஏகப்பட்ட குறுக்கு வழிகள் கிடைக்கும். நேர்வழி எளிது.

எஸ்எஸ்எச் சாவிக்கும் இப்படி ஒரு நாள் போனது. ஒரு காலை 38-ல் ஒரே ஒரு சர்வர் மட்டும் ஆன்சிபிளை உள்ளே விடவில்லை. அனுமதி மறுப்பு, அவ்வளவுதான் செய்தி. காரணம் அந்த சர்வரின் அங்கீகார லாக்கில் எழுதியிருக்கும், ஆனால் அந்த லாக்கைப் படிக்க எங்களுக்கு அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் உள்ளே போனால்தானே படிக்க முடியும்! மேடம் பார்த்துச் சொன்னார். எங்களில் ஒருவர் முந்தைய நாள் ஒரு கோப்பைப் பகிர்வதற்காக வீட்டு ஃபோல்டரையே குரூப் முழுவதும் எழுதும்படி திறந்துவிட்டிருந்தார். அப்படித் திறந்திருந்தால் வேறு யாரோ சாவிக்கோப்பை மாற்றியிருக்கலாம் என்று எஸ்எஸ்எச் சந்தேகப்படும்; சாவியை ஏற்காது. சரியான சந்தேகம்தான். அன்றிலிருந்து வீட்டு ஃபோல்டரின் அனுமதியும் எங்கள் சோதனை வரிகளில் ஒன்று.

சாவியைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ரூட் இல்லை என்பதற்காக இந்தச் சாவி சின்னச் சாவி இல்லை. 38 சர்வர்களிலும் செயலியை மாற்றக்கூடிய சாவி அது. வாடிக்கையாளர்களின் தரவைத் தொடுவது செயலிதான், ரூட் இல்லை. எனவே அங்கீகரித்த சாவிகளின் கோப்பில் ஒவ்வொரு சாவிக்கும் முன்னால் எந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஏற்க வேண்டும் என்று எழுதினோம். ஓப்பன்எஸ்எஸ்எச் 7.2-லிருந்து, அதாவது 2016-லிருந்து, எல்லாச் சலுகைகளையும் ஒரே சொல்லில் மூடும் வசதியும் உண்டு. போர்ட் திருப்புவது, எஸ்எஸ்எச் ஏஜென்ட்டை அடுத்த சர்வருக்குக் கடத்துவது எல்லாம் மூடிவிடும். எங்களுக்கு இவை எதுவும் தேவைப்படவில்லை, மூடிவிட்டோம். இதையெல்லாம் செய்ய அட்மின் வேண்டாம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது நம் வீட்டு ஃபோல்டரில் இருக்கும் நம் கோப்பு.

14 வரியில் இப்படியே ஒவ்வொன்றாகப் போய் கடைசியில் ஒன்றுதான் நின்றது. லாக்குகளை மைய இடத்துக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒன்று சிஸ்டம் சேவையாக ஓடுகிறது. எங்கள் பதிப்பு மாறும்போது அதை மறுதொடக்கம் செய்யாவிட்டால் பழைய கோப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். அதற்கு மட்டும் சூடோவில் ஒரு வரி வேண்டும்.

சூடோ 1980 வாக்கில் பஃபலோவில் உள்ள நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பாப் கோகஷாலும் கிளிஃப் ஸ்பென்சரும் எழுதியது. ரூட் கடவுச்சொல்லைக் கொடுக்காமல் ரூட்டின் சில வேலைகளை மட்டும் கொடுப்பதுதான் அதன் பயன். ஆனால் இன்று பெரும்பாலான இடங்களில் 'எல்லாம், எங்கேயும், யாராகவும்' என்று ஒரே வரியில் எழுதி விட்டுவிடுகிறார்கள். ஒரு வேலையை மட்டும் கொடுக்கும் வரியை எழுதும்போதுதான் அதில் எத்தனை ஓட்டை விழ முடியும் என்று தெரிகிறது. சேவையின் பெயரில் நட்சத்திரக் குறி போட்டால், அது இடைவெளியையும் சேர்த்து விழுங்கிக்கொள்ளும். பின்னால் வேறு சேவைகளின் பெயரையும் ஒட்டலாம். நிலை பார்க்கும் கட்டளையையும் சேர்த்துக் கொடுத்தால், பழைய சிஸ்டம்டி பதிப்புகளில் அது பக்கம் பக்கமாகக் காட்டும் நிரலைத் திறக்கும், அதற்குள்ளிருந்து ஒரு ஆச்சரியக்குறி அடித்து ரூட்டாகக் கட்டளை அடிக்கும் ஷெல் வாங்கலாம். ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும் உரிமை கொடுத்து, அந்த ஸ்கிரிப்ட் நம் பெயரிலேயே இருந்தால் அதில் என்ன வேண்டுமானாலும் எழுதி ஓட்டலாம். அப்புறம் ஒரு சின்ன விஷயம், எங்களுக்கு அரை நாளை விழுங்கியது: சூடோயர்ஸ் ஃபோல்டரில் வைக்கும் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் சூடோ அதைப் படிக்கவே படிக்காது. பிழையும் சொல்லாது. கோப்புக்கு எங்கள் செயலியின் பெயரை வைத்திருந்தோம், அதில் ஒரு புள்ளி இருந்தது.

எல்லாம் சரிசெய்த பிறகும் ஆன்சிபிள் தோற்றது. டெர்மினலில் கையால் அடித்தால் ஏஜென்ட் மறுதொடக்கம் ஆகிறது. ப்ளேபுக்கில் 'ரூட்டாக மாறு' என்று எழுதினால் கடவுச்சொல் கேட்டு நின்றுவிடுகிறது. ஆன்சிபிள் வேலை செய்யும் விதத்தை மேலே சொன்னேன் அல்லவா, விடை அதில்தான் இருக்கிறது. அது மறுதொடக்கக் கட்டளையை நேரடியாகச் சூடோவிடம் கொடுப்பதில்லை. ஒவ்வொரு முறையும் பெயர் மாறும் தற்காலிக பைத்தான் நிரலைத்தான் சூடோவிடம் ஓட்டச் சொல்கிறது. சூடோயர்ஸில் எழுதிய வரியோடு அது எப்படிப் பொருந்தும்? ஆன்சிபிளின் சொந்த ஆவணமே இதை ஒப்புக்கொள்கிறது: அதன் அதிகார உயர்வைக் குறிப்பிட்ட கட்டளைகளுக்கு மட்டும் என்று சுருக்க முடியாது. அந்த ஒரு வேலையை மட்டும் 'ரூட்டாக மாறு' இல்லாமல், சூடோவோடு சேர்த்துக் கட்டளையை எழுத்துக்கு எழுத்து அப்படியே ஓட்டும் வகையில் எழுதினோம். கடவுச்சொல் கேட்காமல் தோற்றுவிடு என்ற கொடியையும் சேர்த்தோம், இல்லாவிட்டால் இரவில் யாரும் இல்லாத நேரத்தில் கேட்டுக்கொண்டே நிற்கும். அழகான வரி இல்லை. ஆனால் அந்த வரியை வைத்து ஏஜென்ட்டை மறுதொடக்கம் செய்வதைத் தவிர வேறு எதையும் செய்ய முடியாது.

2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தினர் சூடோவிலேயே ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். 2011-லிருந்து அங்கேயே இருந்திருக்கிறது. சூடோயர்ஸில் பெயரே இல்லாத சாதாரண யூசர்கூட அதன் வழியாக ரூட் ஆகலாம். அன்று மதியம் மேடம் எல்லா அணிகளுக்கும் மெயில் அனுப்பினார்: எந்தெந்த சர்வரில் யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது, அதில் யாருடைய சாவி பயன்பாட்டில் இல்லை. நான் பதில் எழுத உட்கார்ந்தபோது, எங்கள் அணியிலிருந்து விலகிப் போன இருவரின் சாவிகள் 9 சர்வர்களில் இன்னும் இருப்பது தெரிந்தது. அந்த ஓட்டையைப் பொறுத்தவரை எங்கள் அணியின் ரூட் இல்லாத ஒவ்வொரு சாவியும் ரூட் சாவிதான். சாவிப் பட்டியல் முழுவதையும் ப்ளேபுக்கே எழுதும்படி அன்றே மாற்றினேன். பட்டியலில் இல்லாத சாவி அடுத்த ஓட்டத்தில் தானாகப் போய்விடும். மேடத்தின் அணி அன்று இரவுக்குள் எல்லா சர்வர்களிலும் சூடோவை மாற்றி முடித்தது. ரூட் அவர்கள் கையில் இருப்பதன் பொருள் அன்று எனக்கு நன்றாகப் புரிந்தது. எங்கள் செயலி ஓட்டத்துக்கு இடையில் எங்களுக்குத் தெரியாமலே அந்த வேலை நடந்து முடிந்திருந்தது.

ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு யூசரும் தன் வேலைக்கு வேண்டிய மிகக் குறைந்த உரிமையோடு இயங்க வேண்டும் என்று கணினி ஆய்வாளர்கள் ஜெரோம் சால்ட்சரும் மைக்கேல் ஷ்ரோடரும் 1975-லேயே எழுதிவிட்டார்கள். படிக்கும்போது எல்லோரும் தலையாட்டுவோம். 'குறைந்தது எது' என்று கண்டுபிடிப்பதற்கு நான்கு நாள் உட்கார்ந்து சிவப்பு வரிகளை எண்ண வேண்டும் என்பதை எந்த வகுப்பிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. ரூட் வைத்திருக்கும்போது அந்த நான்கு நாளை யாரும் செலவிடுவதில்லை. நானும் செலவிட்டதில்லை.

இப்போது அந்த ஒரே சூடோ வரியையும் எடுத்துவிட முயற்சி நடக்கிறது. சிஸ்டம்டியில் பாத் யூனிட் என்று ஒன்று உண்டு. ஒரு கோப்பைப் பார்த்துக்கொண்டே இருக்கும், அது மாறினால் ஒரு சேவையை இயக்கும். எங்கள் ஃபோல்டரில் ஒரு கோப்பு. பதிப்பு மாறியதும் ப்ளேபுக் அதில் பதிப்பு எண்ணை எழுதும். அட்மின் வைத்த பாத் யூனிட் அதைக் கண்டு ஏஜென்ட்டை மறுதொடக்கம் செய்யும். கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை ரூட் படிப்பதே இல்லை, மாறியதா என்று மட்டும்தான் பார்க்கிறது. எங்களிடமிருந்து ரூட்டுக்குக் கட்டளை எதுவும் போவதில்லை.

ஒரு குறை இருக்கிறது. சூடோ வழியாகச் செய்தால் மறுதொடக்கம் வெற்றியா தோல்வியா என்று கையோடு விடை வரும். இதில் வராது. நாம்தான் பார்க்க வேண்டும். நல்லவேளை, ஒரு சேவை ஓடுகிறதா, கடைசியாக எப்போது எழுந்தது என்று பார்க்க ரூட் தேவையில்லை. எனவே ப்ளேபுக் முதலில் ஏஜென்ட் எழுந்த நேரத்தைக் குறித்துக்கொள்கிறது, கோப்பில் எழுதுகிறது, பிறகு அந்த நேரம் மாறும் வரை முப்பது நொடி காத்திருக்கிறது. மாறாவிட்டால் நின்று சொல்கிறது. சோதனை சர்வரில் மூன்று வாரமாக ஓடுகிறது. ஒரே ஒருமுறை முப்பது நொடி போதவில்லை, ஏன் என்று இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.